யார் வேடம் போடுகிறார்கள், யாரை மறைக்கிறார்கள்?

ஆகஸ்ட் வந்தால் சென்னைக்குப் "பிறந்தநாள்" கொண்டாடுகிறார்கள். 2004 முதல் நடந்துவரும் இந்த விழாவில் தொண்டு மனம் படைத்த அன்பர்கள் பலர் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி, பழைய கட்டிடங்களைக் காட்டிச் சரித்திரம் சொல்கிறார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், சுதந்திர தினத்தன்று, பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் அதே பிள்ளைகள் மையால் மீசை வரைந்து கட்டபொம்மனாக மேடையேறுகிறார்கள். எதிரே தொப்பி வைத்த ஜாக்சன் துரை.

கூலி வாங்காமல் பாடம் சொல்லும் எவரையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் என்ன பாடம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அவர்கள் நம் பிள்ளைகள்.

முதலில் அந்தப் பிறந்தநாள். 1639 ஆகஸ்ட் 22 என்பது கும்பினி வியாபாரிகள் நாயக்கர் ஒருவரிடம் கடற்கரைத் துண்டு நிலத்துக்குச் சாசனம் பெற்றதாகச் சொல்லப்படும் நாள். சாசனம் எழுதிய நாளா ஊர் பிறந்த நாள்? பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. அதே பல்லாவரத்தில் 1863-ல் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கோடரியின் வயதையோ சொல்லவே வேண்டாம்! சாசனம் வைத்திருப்பவனே ஊரைப் படைத்தவன் என்று பிள்ளைகளின் மனதில் பதிய வைப்பது யாருக்கு லாபம்?

அடுத்து, மேடை. துரை வேடம் இருக்கிறது, ராஜா வேடம் இருக்கிறது. சிப்பாய் எங்கே? கிஸ்தி கேட்டவனையும் மறுத்தவனையும் காட்டுகிறீர்கள். அந்தக் கிஸ்திக்கு நெல் விளைத்தவன் எங்கே?

பரங்கிமலை கும்பினியின் பீரங்கிப் படைக்குத் தலைமை இடமாக இருந்தது. கும்பினிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையரல்ல. நம் கிராமத்து ஏழைகளின் மக்கள். 1806-ல் வேலூரில் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்த சிப்பாய்களைச் சென்னைக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் தலைக்கு 90 கசையடி. ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டை வெடித்தது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்தான். சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இதை எந்தப் பள்ளி மேடையில் காட்டுகிறார்கள்? (மீசைக்கு மை போதும். கசையடிபட்ட முதுகை எந்த மையால் வரைவது?)

உழுதவன் கதை இன்னும் கசப்பானது. சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டு ஜாகீரை 1763-ல் ஆற்காட்டு நவாப் கும்பினிக்குத் தாரை வார்த்தான். கும்பினிக்கு வரி, மிராசுதாருக்குப் பங்கு, சேரியில் கிடந்த பண்ணையாளுக்குப் பட்டினி. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீரே அந்த அவலத்தை எழுதி அனுப்பிய பிறகுதான் 1892-ல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அந்த நிலம் இன்று யார் யார் கையில் இருக்கிறது? 1994-ல் காரணையில் அதை மீட்கப் போன தலித் மக்கள் போலீஸ் குண்டுக்குப் பலியானது ஏன்? பாரம்பரிய நடை நடக்கும் அன்பர்களின் கால்கள் காரணைவரை போவதில்லை. தூரம் அதிகமோ என்னவோ!

தொண்டர்கள் இந்த நாட்டுக்குப் புதியவர்களல்ல. 1857-ல் காசியிலும் அலகாபாத்திலும் ஊர் ஊராக ஜனங்களைத் தூக்கிலிட்ட கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் வெள்ளையன் சிலை வைத்திருந்தான். 1927-ல் அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் அணி அணியாகச் சிறை சென்றார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் போகும் வயது அந்தச் சிறுமி அம்மாக்கண்ணுவுக்கு. அவள் வேடம் போடவில்லை. மறியல் செய்தாள், பிடிபட்டாள். பத்து ஆண்டு கழித்து, 1937-ல் சிலை வீதியை விட்டு இறங்கியது.

அன்பர்களே, அடுத்த ஆகஸ்டில் தாம்பரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். நீல் இப்போது அங்கே இருக்கிறான். அவன் அங்கே வந்தது எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், அம்மாக்கண்ணுவின் பெயரைச் சொல்லுங்கள்.