மடிப்பு ஒழுங்கு ஆகாது

நிரல் எழுதும் இலக்கிய நண்பர்களிடையே ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது: நீண்ட நிரலை உரைத்தொகுப்பானில் மடித்து வைத்தால் அது ஒழுங்குபட்டுவிடும் என்று. மறுக்கிறேன்.

விம் தொகுப்பான் 2001இல் வெளிவந்த 6.0 பதிப்பில் மடிப்பைக் கொண்டுவந்தது. மும்மூன்று நெளிவு அடைப்புக்குறிகளுக்கிடையே நூறு வரிகள் ஒற்றை வரியாகச் சுருங்கும். கண்ணுக்கு இதம்தான். ஆனால் நிரலை இயக்கும் கணினி மடிப்பை அறியாது. மடிந்த வரியை அழித்தாலோ, உள்ளிருக்கும் நூறும் சேர்ந்தே போகும்.

வல்லத்தில் இருந்தபடி, திஸ்கியில் தட்டச்சான பழைய நூல்களை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு நிரல் எழுதினேன். திஸ்கியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். ஒருங்குறியில் பின்னே வரவேண்டும். அந்த இடமாற்றப் பகுதியை இருமுறை எழுதி, இரண்டையும் மடித்து, மறந்தேன். விளைவு: 'செஞ்சி'யின் கொம்பு இரண்டாம் முறை தாவி ஞகரத்தின்மேல் ஏறியது. சொந்த ஊர்க் கோட்டையின் பெயரையே குலைத்த பிறகுதான் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன்.

"தொல்காப்பியத்திலும் இயல்கள் உண்டே" என்பர். உண்டு. மூன்று அதிகாரம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல். அவை பொருளால் பிரிந்தவை. 'புணரியல்' என்றதுமே உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். நம் மடிப்புகளுக்கோ 'இதர வேலைகள்' என்று பெயர்!

முதலில் பிரியுங்கள், பெயரிடுங்கள், மிகையை நீக்குங்கள். பிறகு மடியுங்கள். குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுவதற்குப் பெருக்குதல் என்று பெயரில்லை.