பிளாஸ்டர்ஸுக்குக் கப்பு கிடைக்குமா?

கிடைக்கும்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா அதுக்கு ஒரு கண்டிஷன் இருக்கு. அது என்னன்னு கடைசியில சொல்றேன்.

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் மலையாளி இல்லை, பக்கா கல்லாவிக்காரன். எங்க ஊர்ல பந்துன்னா அது கிரிக்கெட் பந்துதான். ஆனா ஓசூர் சிப்காட்ல வேலைக்குச் சேர்ந்தா புட்பால்ல இருந்து தப்பிக்க முடியாது மக்களே. ஷிஃப்டுல பாதி கன்னடக்காரங்க, நீலச் சட்டை, பெங்களூரு எஃப்சி. மீதியில மலையாளிங்க, மஞ்சள் சட்டை, கேரளா பிளாஸ்டர்ஸ். கேண்டீன்ல தட்டை எடுத்துக்கிட்டு எந்தப் பக்கம் உட்காருறதுன்னு முடிவு பண்ணியாகணும். நான் மஞ்சள் பக்கம் உட்கார்ந்தேன். அன்னிக்குப் பிடிச்சது சனி :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கூட்டத்தை வச்சுப் பார்த்தா பிளாஸ்டர்ஸ் இந்தியாவோட பெரிய கிளப்புகள்ல ஒண்ணு. ஆட்டத்தை வச்சுப் பார்த்தா நடுத்தர கிளப். 2014ல ஐ.எஸ்.எல். ஆரம்பிச்சப்ப இருந்தது எட்டு அணி. அதுல கொல்கத்தா, சென்னையின், மும்பை மூணும் சாம்பியன் ஆயாச்சு. கோவாவுக்கு சூப்பர் கப்பு, டுராண்ட் கப்பு எல்லாம் கிடைச்சாச்சு. டெல்லி அணி ஒடிசாவுக்குக் குடிபோய் 2023ல சூப்பர் கப்பை வாங்கிடுச்சு. நார்த் ஈஸ்ட் 2024ல டுராண்ட் ஜெயிச்சு, அடுத்த வருஷமும் ஜெயிச்சுது. புனே 2019லயே கடையைச் சாத்திடுச்சு. பாக்கி யாரு? நம்மாளுதான். 2025 முடிஞ்சும் அலமாரி காலி.

"எல்லாம் லக்கு இல்ல சார்"ங்கறது எங்க கண்ணூர் சேட்டனோட வாதம். நானும் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 2014ல இருந்து 2024-25 வரைக்கும் மொத்தம் 11 சீசன். 8 டீம்ல ஆரம்பிச்சு 13 டீம் வரை போச்சு. ஒவ்வொரு வருஷமும் எல்லா டீம் பேரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டிருந்தாக்கூட, 11 தடவையில ஒரு தடவையாவது பிளாஸ்டர்ஸ் பேரு வந்திருக்க 69 சதவீத வாய்ப்பு இருந்துச்சு. அதாவது நூத்துக்கு முப்பத்தோரு பேரு இந்த மாதிரி வெறுங்கையோட நின்னிருப்பாங்க. துரதிர்ஷ்டம்தான், ஆனா உலக அதிசயம் ஒண்ணுமில்லை.

அதுவும் மூணு தடவை பைனல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தவங்க. 2014ல மும்பையில, கடைசி நிமிஷம் முடிஞ்சு கூடுதல் நேரத்துல ஒரு கோல் வாங்கித் தோத்தாங்க. 2016ல சொந்த ஊர் கொச்சியில, பெனால்டியில தோத்தாங்க. ரெண்டு தடவையும் எதிர்ல கொல்கத்தா. 2022 மார்ச்ல கோவாவுல, ஹைதராபாத் 88வது நிமிஷத்துல சமன் பண்ணிட்டுப் பெனால்டியில ஜெயிச்சுது. அவங்க கீப்பர் கட்டிமணி மூணைத் தடுத்தாரு.

அப்புறம் 2023 மார்ச் 3. பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஓசூர்ல இருந்து டிராபிக் இல்லாட்டி ஒரு மணி நேரம் (எப்ப இல்லாம இருந்துச்சு?). பிளே-ஆஃப் மேட்ச், எக்ஸ்ட்ரா டைம். நம்மாளுங்க சுவர் கட்டி நிக்கறதுக்குள்ள சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடிச்சு உள்ள போட்டுட்டாரு. கோச் இவான் கோவத்துல டீமையே வெளிய கூப்பிட்டுக்கிட்டாரு. கிளப்புக்கு 4 கோடி அபராதம், இவானுக்கு 10 மேட்ச் தடை. மறுநாள் கேண்டீன்ல ரெண்டு பக்கமும் யாரும் யாருக்கும் சாம்பார் வாளியைக்கூட நகர்த்தலை.

ஆனா லக்கு மேலயே பழியைப் போட்டுட்டு உட்கார முடியாது. 2014ல இருந்து 2021 வரைக்கும் எந்தக் கோச்சும் இங்க தொடர்ந்து ரெண்டு சீசன் முழுசா இருந்ததில்லை. 2017-18ல இருந்து நாலு சீசன் பிளே-ஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கலை. இவான் ஒருத்தரைத்தான் மூணு வருஷம் வச்சிருந்தாங்க. மூணு வருஷமும் பிளே-ஆஃப் வந்துச்சு. 2024ல அவரையும் அனுப்பிட்டாங்க, அடுத்து வந்தவரை அந்த டிசம்பர்லயே அனுப்பிட்டாங்க, எட்டாவது இடம். சஹல் 2023ல மோகன் பகானுக்குப் போனாரு, போன எடத்துல கப்பு மேல கப்பு. 2023-24ல லீக்லயே அதிக கோல் அடிச்ச டயமன்டகோஸ் அடுத்த சீசன் ஈஸ்ட் பெங்கால்ல. நட்ட கன்னை மாசாமாசம் பிடுங்கி வேர் விட்டிருக்கான்னு பார்த்தா மரம் எப்படிங்க வளரும்?

இதுக்கு நீலச் சட்டைக்காரங்க கேட்கறது: "நாங்க வந்த முதல் வருஷமே, 2013-14லயே ஐ-லீக் ஜெயிச்சோம். 2019ல ஐ.எஸ்.எல்.லும் ஜெயிச்சோம். கப்பே இல்லாத கிளப்பை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. சென்னை சிட்டி எஃப்சி ஞாபகம் இருக்கா? 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மினர்வா முதல் சில நிமிஷத்துலயே கோல் போட்டும், 3-1ன்னு திருப்பி அடிச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்ல முந்தி ஐ-லீக்கை ஜெயிச்சாங்க. சுவிட்சர்லாந்தோட பாசல் கிளப்பு வந்து பங்கு வாங்குச்சு. நம்ம ஆளுங்க ஆசியப் போட்டி வரைக்கும் ஆடினாங்க. 2021-22 ஐ-லீக்ல அந்த டீமே இல்லை. ரெண்டே வருஷம்!

பிளாஸ்டர்ஸை பைனல்ல அழ வச்ச ஹைதராபாத் என்ன ஆச்சு? 2023-24ல சம்பளம் கொடுக்க முடியாம வெளிநாட்டு வீரர்கள் ஒவ்வொருத்தரா கிளம்பினாங்க. 2025ல டீமே டெல்லிக்குப் போய்ப் பேரும் மாறிடுச்சு. கப்பு இருக்கு, ஹைதராபாத்ல அதைக் கொண்டாட கிளப்பு இல்லை.

இப்ப இங்கிலாந்து பக்கம் வாங்க. கிரிஸ்டல் பேலஸ், 1905ல ஆரம்பிச்ச நடுத்தர கிளப்பு. 2010ல திவால் விளிம்புல நின்னுச்சு. ரசிகர்கள் பேங்க் வாசல்ல போய் நின்னாங்க, உள்ளூர் ரசிகர்களா இருந்த சில பணக்காரங்க சேர்ந்து கிளப்பை வாங்கிக் காப்பாத்தினாங்க. 2025 மே மாசம் மான்செஸ்டர் சிட்டியை 1-0ன்னு ஜெயிச்சு எஃப்.ஏ. கப்பு. 120 வருஷத்துல முதல் பெரிய கப்பு அதுதான். 2010ல மூடியிருந்தா 2025 வந்திருக்குமா?

நான் சொன்ன கண்டிஷன் இதுதான்: கப்பு வர்ற வரைக்கும் கிளப்பு இருக்கணும். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2025 ஜூலையில ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட்ல பெங்களூரு முதல் அணிக்குச் சம்பளத்தை நிறுத்திச்சு, சென்னையினும் அதே வழி. சாம்பியன் பட்டம் வாங்கின கிளப்புகளுக்கே இந்தக் கதி. அந்த மாசம் எங்க கேண்டீன்ல மஞ்சளும் நீலமும் ஒரே மேஜையில உட்கார்ந்து புலம்புனது தனிக் கதை.

அதனால என் ஜோசியம் இது. முழு லீக்கை ஜெயிக்கிறது கஷ்டம். அதுக்குப் பெரிய பணமும் பெரிய பெஞ்சும் வேணும், அது மோகன் பகான்கிட்ட இருக்கு. டுராண்ட், சூப்பர் கப்பு மாதிரி அஞ்சாறு மேட்ச்ல முடியற போட்டியில வாய்ப்பு இருக்கு. நார்த் ஈஸ்ட்டும் ஒடிசாவும் அந்த வழியாத்தான் வந்தாங்க. ஒரு கோச்சை மூணு வருஷம் விட்டு வைங்க, நல்லா ஆடறவனை விக்காதீங்க. கப்புக்காகக் கடனை வாங்கிக் கிளப்பைக் கவுத்துடாதீங்க.

நீலச் சட்டை நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். எதுவா இருந்தாலும் பின்னூட்டத்துல பேசித் தீர்த்துக்கலாம் :-)