பட்டத்துக்குள்ளேயே வேலைப் பயிற்சி வேண்டும்

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும் திண்டிவனம் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கும் செஞ்சி, மயிலம், மரக்காணம், விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் மாணவர்களில் பலர், குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வணிகவியல் எடுத்தவர்கள் மூன்றாண்டுகளும் கணக்குப்பதிவியல், நிறுமச் சட்டம், அடக்கவிலைக் கணக்கு என்று படித்துத் தேறுகிறார்கள். பிறகு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனால், "டேலி தெரியுமா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டிருக்கிறாயா?" என்ற முதல் கேள்வியிலேயே பலர் தடுமாறிவிடுகிறார்கள். இது மாணவர்களின் குறையல்ல. செய்து பார்க்க அவர்களுக்கு யாரும் இடம் தரவில்லை.

அந்த வேலையைக் கரும்பலகையில் கற்றுத் தரவும் முடியாது. மாதாமாதம் தாக்கல் செய்யும் கடையிலிருந்து 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவமும் 20ஆம் தேதிக்குள் 3பி படிவமும் போக வேண்டும். கொள்முதல் பில்களை, விற்றவர்கள் பதிவேற்றியவற்றைக் காட்டும் 2பி பட்டியலோடு ஒப்பிட்டால் நாலைந்து பில்கள் விட்டுப்போயிருக்கும். சரக்கு விற்றவர் அவற்றைப் பதிவேற்றாதவரை வாங்கியவருக்கு வரிக் கழிவு கிடைக்காது. யாருக்கு போன் செய்வது, எப்படிப் பேசி வேலையை முடிப்பது, கடைக்காரருக்குக் கோபம் வராமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தால்தான் கைவரும். பட்டயக் கணக்காளர் படிப்பவருக்கு இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் கட்டாயம். அதே பாடங்களைப் படிக்கும் பி.காம். மாணவருக்கு மட்டும் ஏன் ஒரு பருவம்கூட இல்லை?

2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கலைக் கல்லூரிகளுக்குள் திறன் பயிற்சியைக் கொண்டுவந்தது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், வகுப்பறையில் சில மணி நேரம் நடக்கும் பயிற்சியும் அதற்கான சான்றிதழும் மெய்யான பில் கட்டுகளுக்கு ஈடாகா. அடுத்த படியை எடுத்தாக வேண்டும்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. 2019 விதிகள் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வரையறுத்தன. படிப்புக்குள்ளேயே பழகுநர் பயிற்சியைச் சேர்க்க 2020இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் வழிகாட்டியது. பக்கத்து ஆந்திரம் இளநிலைப் பட்டத்துக்குப் பத்து மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகமே அண்மை ஆண்டுகளில் பொறியியல் படிக்காத பட்டதாரிகளையும் பழகுநர்களாக எடுக்க விண்ணப்பம் கோரியிருக்கிறது. ஆனால், அது பட்டம் வாங்கிய பிறகு கிடைக்கும் வாய்ப்பு. அதைப் பட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறோம்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. கூட்டுறவு வங்கிகள், மணிலாவும் உளுந்தும் ஏலம் போகும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை, திண்டிவனம் சிப்காட், இரு ஊர்களின் ஆடிட்டர் அலுவலகங்கள், அரிசி ஆலைகள், ஜவுளிக் கடைகள் என எல்லா இடத்திலும் கணக்கு எழுத ஆள் தேவை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மகளைச் சென்னையில் விடுதியில் தங்க வைத்து வேலைக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், திண்டிவனத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் வேலைக்குச் சரி என்பார்கள். உள்ளூர்ப் பயிற்சியால் முதலில் பயன்பெறப் போவது இந்தப் பெண்கள்தாம்.

மாணவரைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவார்கள், டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் அனுப்புவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் உதவித்தொகை நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், பேராசிரியர் மாதம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், செய்த வேலையை நாட்குறிப்பில் எழுதி மதிப்பெண் பெற வேண்டும் என்கிறோம். பேராசிரியருக்கு இது கூடுதல் சுமை. அதற்கேற்பக் காலிப் பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை.

இந்தக் கல்லூரிகளை இணைத்துள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம், வணிகவியல், வணிக மேலாண்மைப் பட்டங்களின் கடைசி ஆண்டில் ஒரு பருவத்தை ஊதியத்துடன் கூடிய பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். எந்த நிறுவனம் எத்தனை பேரை ஏற்கும் என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் வணிகர் சங்கங்களையும் கூட்டுறவுத் துறையையும் அழைத்துப் பேசித் தயாரிக்கலாம். அந்தப் பட்டியல் வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே இரு கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட வேண்டும்.