கரி பூசினால் கலையாகுமா?

மாந்தன் மாந்தனுக்குச் செய்யும் இழிவுகளுள் வெளிப்படையானவை விரைவில் அடையாளங் காணப்பட்டுவிடும். சாட்டையைச் சாட்டை என்றும் விலங்கை விலங்கு என்றும் எவரும் அறிவர். ஆனால், அழகு என்னும் போர்வையைப் போர்த்துக்கொண்டு வரும் இழிவை அறிந்துகொள்வது அரிது. அதனை இழிவு என்று சுட்டுவோரையே 'கலை அறியாதோர்' என்று எள்ளி நகையாடிவிட்டு அது தப்பிச் சென்றுவிடும். மேலை நாடுகளின் ஆடை நாகரிக இதழ்களில் வெளிவரும் ஒளிப்படங்களைப் பற்றி நெடுநாளாக நடந்துவரும் வழக்கு இத்தகையதே.

2009-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில் பிரெஞ்சு 'வோகு' இதழ், புகழ்பெற்ற வடிவழகியரைப் பற்றிய சிறப்பிதழ் ஒன்றை வெளியிட்டது. அதில் ஆலந்து நாட்டு வெள்ளை மங்கையான இலாரா சுடோன் என்பார், உடலெங்கும் கரும்பழுப்புச் சாயம் பூசப்பட்டுக் கருப்பினப் பெண்போலக் காட்டப்பட்டார். படமெடுத்தவர் சுடீவன் கிளெயின் என்னும் அமெரிக்கர். அச் சிறப்பிதழின் படத்தொகுப்புகளில் கருப்பின வடிவழகி ஒருவரேனும் இடம்பெறவில்லை என்பதை அப்பொழுதே பலர் சுட்டிக்காட்டினர். கருப்பு நிறம் வேண்டும். கருப்புப் பெண் வேண்டா! வழக்கின் முழுப் பொருளும் இவ்வொரு வரியில் அடங்கிவிடும்.

இத்தகைய படங்களுக்குச் சார்பாக எழும் மறுமொழிகள் மூன்று. உருமாற்றமே கலையின் உயிர் என்பது ஒன்று. முகத்தில் கரி பூசி ஆடிய பழி அமெரிக்காவைச் சேர்ந்தது, ஐரோப்பியர்க்கு அதில் பங்கில்லை என்பது மற்றொன்று. இழிவுபடுத்தும் நோக்கம் கலைஞனுக்கு இல்லை என்பது மூன்றாவது. மூன்றும் கேட்பதற்கு நேர்மையானவைபோல் தோன்றுகின்றன. ஆதலின் மூன்றையும் நேர்மையாகவே ஆராய்தல் வேண்டும்.

ஒருவர் பிறராகத் தோன்றுவது கலைக்குரிய உரிமை என்பதை எவரும் மறுக்கவில்லை. கூத்தும் நடிப்பும் அவ்வுரிமையின் மேல்தான் நிற்கின்றன. ஆனால், உருமாறும் வாயில் இருபுறத்தார்க்கும் திறந்திருக்கின்றதா என்பதே கேள்வி. அமெரிக்க 'வோகு' இதழ் 1892-இல் தொடங்கப்பெற்றது. அதன் அட்டையில் கருப்பினப் பெண் ஒருவர் முதன்முதலாக இடம்பெற்றது 1974-இல். அவர் பெவர்லி சான்சன். இடையில் கழிந்தவை 82 ஆண்டுகள். ஆங்கில நாட்டு 'வோகு' இதழின் அட்டையில் 1966-இல் தோனியேல் இலூனா என்னும் கருப்பின நங்கை இடம்பெற்றார். ஆயின் விரல்கள் முகத்தை மறைக்க, அவற்றினிடையே ஒரு கண் மட்டுமே தெரிந்தது. படப்பொறியின் முன்னே நிற்பதற்கே இந்நிலை என்றால், அதன் பின்னே நிற்பதற்கு? அமெரிக்க 'வோகு' இதழின் அட்டைப் படத்தைக் கருப்பினத்தார் ஒருவர் எடுக்கும் வாய்ப்பு 2018-இல்தான் கிட்டியது. பாடகி பியான்சேயின் படத்தை எடுத்த தைலர் மிட்செல் என்னும் இளைஞரே அவர். வெள்ளையர் எவராகவும் உருமாறலாம். கருப்பர் தம் உருவிலேயே உள்ளே நுழைய நூறாண்டளவும் காத்திருக்கவேண்டும் என்னும் நிலையில், உருமாற்றம் என்பது கலையுரிமையன்று. ஒருசாரார்க்கு மட்டுமே உரிய தனிச்சலுகை.

அடுத்து, கரி பூசிய பழி அமெரிக்கர்க்கே உரியது என்னும் கூற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வெள்ளையர் கருக்கிய தக்கையை அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு, அடிமைப்பட்டிருந்த கருப்பரை மடையராகவும் சோம்பராகவும் ஆடிக்காட்டிப் பொருளீட்டினர். அவ்வாட்டத்தில் தோன்றிய ஓர் எள்ளற் பெயரான 'சிம் குரோ' என்பதே, பின்னர்க் கருப்பரைப் பிரித்துவைத்த கொடுஞ்சட்டங்களுக்கும் பெயராயிற்று. எள்ளல் முன்னே சென்றது; சட்டம் பின்னே வந்தது. இஃது அமெரிக்க வரலாறே. ஆயின் பாரிசு நகரத்திற்கும் அதற்கென ஒரு வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்கக் கோய்க்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்த்மன் என்னும் பெண் 1810-இல் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர்தம் உடலமைப்பே காட்சிப்பொருளாகக் காசுக்குக் காட்டப்பட்டார். பின்னர்ப் பாரிசிலும் அதே கொடுமை தொடர்ந்தது. 1815-இல் அவர் இறந்த பின்னும் விட்டார்களா? அவருடலை அறுத்தாய்ந்து, உடலின் வார்ப்பையும் என்புக்கூட்டையும் அந்நகர அருங்காட்சியகத்தில் இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகள் வரை காட்சிக்கு வைத்திருந்தனர். அவர்தம் எச்சங்கள் தாய்மண் திரும்பி அடக்கம் பெற்றது 2002-இல்! கருப்புப் பெண்ணின் உடலை ஏழாண்டுகளுக்கு முன்னர்த்தான் திருப்பிக் கொடுத்த நகரத்தில், கருப்புப் பெண்ணின் நிறம் மட்டும் மீண்டும் காட்சிப்பொருளாயிற்று என்றால், அங்கு வரலாறே இல்லை என்று எவ்வாறு கூற முடியும்?

இனி, நோக்கம் என்னும் மூன்றாவது அரண். இதுவே வலியதாகக் கருதப்படுவது. 2013-இல் பிரெஞ்சு நாட்டு 'நுமேரோ' இதழ் 'ஆப்பிரிக்க அரசி' என்னும் தலைப்பில் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டது. அவ்வரசியாகத் தோன்றியவர் பதினாறு அகவையே நிரம்பிய அமெரிக்க வெள்ளைச் சிறுமி, மேனியெங்கும் கருஞ்சாயம். எதிர்ப்பு எழுந்தது. படமெடுத்த செபாசுதியன் கிம் மன்னிப்புக் கேட்டார். கருப்பினப் பெண்ணைக் காட்டுவது தம் நோக்கமே அன்று என்றும், வெயிலில் பொன்னிறமாகிய மேனியையே காட்ட விரும்பியதாகவும், அத்தலைப்பு இதழ் வெளிவரும்வரை தமக்குத் தெரியாது என்றும் கூறினார். இதழ் விடுத்த அறிக்கையோ, மேனியில் கருப்புப் பூசி ஆப்பிரிக்க அரசியாகத் தோன்றிய மங்கை என்றே அப்படங்களைக் குறித்தது. படம் ஒன்று; நோக்கம் இரண்டு! ஆடை நாகரிக ஒளிப்படம் தனியொருவன் தவமிருந்து படைக்கும் ஓவியமன்று. படமெடுப்பவர், ஒப்பனையாளர், உடை தேர்பவர், தலைப்பிடுபவர், இதழாசிரியர், விளம்பரப் பொருள் தரும் வணிகர் என ஒரு கூட்டமே அதனைச் செய்கிறது. புகழ் வருங்கால் அனைவரும் பங்கு கொள்வர். பழி வருங்கால் ஒவ்வொருவரும் தத்தம் நோக்கம் தூயது என்பர். அனைவர் நோக்கமும் தூயதாயிருந்தும் விளைந்தது இழிவு என்றால், நோக்கம் என்னும் அளவுகோலால் அவ்விழிவை அளக்க முடியாது என்பதே அதன் பொருள்.

சொல்லிலும் இவ்வுண்மை விளங்கும். 2011-இல் இத்தாலிய 'வோகு' இதழின் வலைத்தளம் வளையக் காதணிகளை 'அடிமைக் காதணிகள்' என்று பெயரிட்டுப் பாராட்டி எழுதியது. கண்டிப்பு எழுந்ததும், மொழிபெயர்ப்புப் பிழை என்று விளக்கம் கூறப்பட்டுப் பெயர் மாற்றப்பட்டது. பின்னர் அப்பக்கமே நீக்கப்பட்டது. எழுதியவர் நெஞ்சில் தீமை இல்லாதிருக்கலாம். ஆனால் சொல்லுக்கு நினைவு உண்டு. சொல்பவன் மறந்தாலும் சொல் மறப்பதில்லை. படமும் அத்தகையதே.

நெஞ்சே இல்லாத பொருளும் வேற்றுமை காட்டும் என்பதற்கு ஒளிப்படக் கலையே சான்று. ஐம்பதுகளில் தொடங்கி, கோடாக்கு நிறுவனம் வண்ணப்படம் உருவாக்கும் நிலையங்களுக்கு ஓர் அளவை அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அவர் பெயரால் அது 'சேர்லி அட்டை' எனப்பட்டது. அப்பெண்ணின் தோல்நிறம் செம்மையாக வந்தால் படம் செம்மை என்பது விதி. விளைவு? கருந்தோல் மாந்தர் படத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரியும் நிழல்களாயினர். வெள்ளைக் குழந்தையும் கருப்புக் குழந்தையும் அருகருகே அமர்ந்த பள்ளிப் படத்தில் ஒன்றன் முகம் விளங்க, மற்றொன்றன் முகம் இருண்டது. இக்குறை பெரிதும் நீங்கத் தூண்டியவை எவை என்பதுதான் வியப்பு. கரும்பழுப்பு மரத்தின் வேற்றுமைகள் படத்தில் தெரியவில்லை என்று அறைகலன் செய்வோரும், இன்தின்பண்ட வகைகளின் நிறம் பிரிந்து தோன்றவில்லை என்று அவற்றைச் செய்வோரும் தந்த முறையீடுகளே பெரிய தூண்டுதல் என்று ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். மரத்துக்குக் கிடைத்த மதிப்பு மாந்தனுக்குக் கிடைக்கவில்லை! படச்சுருளுக்கு என்ன நோக்கம் இருந்தது?

எனினும், எதிர்த்துக் கேட்டால் மாற்றம் வரும் என்பதற்கும் இத்துறையிலேயே சான்றுண்டு. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு, கருப்பர் ஒவ்வொருவரும் சுமந்து திரியவேண்டிய நடமாட்டச் சீட்டுக்கான படங்களை எடுக்கப் போலராய்டு நிறுவனத்தின் கருவிகளைப் பயன்படுத்தியது. 1970-இல் அதனையறிந்த அந்நிறுவனத்தின் கருப்பினப் பணியாளர்களான கரோலைன் அண்டர், கென் வில்லியம்சு ஆகிய இருவர் அமெரிக்காவில் போராட்டம் தொடங்கினர். வேலை பறிபோயிற்று, போராட்டம் நிற்கவில்லை. 1977-இல் அந்நிறுவனம் அந்நாட்டைவிட்டு வெளியேறியது.

இவ்வளவு கூறியதால், கருப்பினத்தாரைக் காட்டும் படமெல்லாம் பழிக்குரியது என்பதன்று. ஐயத்திற்கிடமான படங்களும் உண்டு. 2008 ஏப்பிரலில் அமெரிக்க 'வோகு' இதழின் அட்டையில் கூடைப்பந்து வீரர் இலெப்ரான் சேம்சு வாய்திறந்து முழங்கும் கோலத்தில், வெள்ளை வடிவழகி ஒருவரைக் கையால் அணைத்தவாறு தோன்றினார். அவ்விதழின் அட்டையில் தோன்றிய முதற் கருப்பின ஆண்மகன் அவரே. வெள்ளைப் பெண்ணைத் தூக்கிச் செல்லும் பெருங்குரங்கின் பழைய உருவம் அதில் தெரிகிறது என்றனர் சிலர்; வீரனின் இயல்பான முழக்கமே அது என்றனர் சிலர். இருசாராரிடமும் ஓரளவு உண்மை உண்டு. இத்தகைய இடத்தில் தேவை தடையன்று, கேள்வியும் விடையும். கலைஞனின் வாயை அடைப்பது அறமன்று. அவன் விடை கூறாமல் நழுவுவதும் அறமன்று.

தீர்வு எத்தகையது என்பதையும் ஓர் இதழே காட்டியது. 2008 சூலைத் திங்களில், பிராங்கா சோசானி ஆசிரியராயிருந்த இத்தாலிய 'வோகு' இதழ், தன் படத்தொகுப்புகளில் கருப்பின வடிவழகியரை மட்டுமே இடம்பெறச் செய்தது. கருப்பு முகம் விற்காது என்பது அவ்வணிகத்தாரின் நெடுநாட் கூற்று. அவ்விதழோ விற்றுத் தீர்ந்து மீண்டும் அச்சிடப்பட்டது! மூன்றாண்டு கழித்து 'அடிமைக் காதணி' என எழுதியதும் இதே இதழ்தான். ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால் போதாது, அது திறந்தே இருத்தல் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இவ்வழக்கைக் கடல்கடந்த நாட்டார் வழக்கென்று தமிழர் கைகட்டி நிற்கவும் இயலாது. தமிழ்த் திரையில் கருத்த உழைப்பாளிப் பெண்ணின் கோலத்திற்கு வெளுத்த நடிகையைக் கொணர்ந்து கருமை பூசும் வழக்கம் உண்டு. 1975-இல் இந்தியக் கடைகளுக்கு வந்த முகப்பூச்சொன்று, வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது 2020-இல். பெயர் மாறியது, பூச்சு மாறவில்லை. கருமையை இழிவென்று கருதி வெண்மை பூசுவதும், கருமையை வணிகப் பொருளாக்கிக் கருஞ்சாயம் பூசுவதும் ஒரே கிண்ணத்துச் சாயங்களே.

முகத்தில் கரி பூசுதல் என்றால் மானங்கெடச் செய்தல் என்று பொருள்கொள்வது தமிழ் வழக்கு. அம்மேலை இதழ்கள் வெள்ளை மங்கையின் முகத்தில் பூசிய கரி, அம்மங்கைக்கு மானக்கேடன்று. இடம் மறுக்கப்பட்ட கருப்புப் பெண்ணுக்கும் மானக்கேடன்று. பூசிய கைகளில்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருப்புப் பெண் தன் முகத்தோடு படப்பொறியின் முன்னும், தன் கண்ணோடு அதன் பின்னும், தன் முடிவோடு இதழாசிரியரின் இருக்கையிலும் அமரும் நாளில்தான் அது கழுவப்படும்.