"18 வயசுல ஓட்டு போடலாம்... பீர் வாங்கக் கூடாதா?" - சேலம், நாமக்கல்ல இருந்து ஒரு பதில்!

"ஓட்டு போட 18 போதும். பைக் லைசென்ஸுக்கு 18 போதும். பொண்ணுங்க கல்யாணத்துக்கும் 18 போதும். ஒரு பீர் வாங்க மட்டும் எதுக்கு 21?"

இன்ஸ்டா கமென்ட்லயும், ஹாஸ்டல் மொட்டைமாடியிலயும் சுத்திச் சுத்தி வர்ற கேள்வி இது. கேட்கிறவங்க எல்லாரும் குடிக்கத் துடிக்கிறாங்கன்னு நினைச்சுட வேணாம். 'எங்களைப் பெரியவங்களா மதிக்கிறீங்களா, இல்லையா?' என்பதுதான் அதுக்குள்ள இருக்கிற நிஜமான கேள்வி. அதுக்கு 'குடி குடியைக் கெடுக்கும்'ங்கிற வரியைப் படிச்சுக் காட்டினா, அது பதில் ஆகாது.

இதைப் பேச சேலம், நாமக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏன்னா, கதை ஆரம்பிச்சதே இங்கதான்.

மதுவிலக்கு பிறந்த மண்!

திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையம் காந்தி ஆசிரமம், 1925-ல் ராஜாஜி ஆரம்பிச்சது. அங்கிருந்துதான் மதுவிலக்குப் பிரசாரத்துக்குன்னே 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. அதில் ராஜாஜிக்குக் கூட நின்னு வேலை பார்த்தவர், பின்னாடி 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. 1937-ல் ராஜாஜி மதராஸ் மாகாணத்தின் பிரதமர் ஆனதும், அக்டோபர் 1 அன்னிக்கு மதுவிலக்கை முதல்ல அமல்படுத்தினது சேலம் மாவட்டத்துலதான். இன்னிக்கு இருக்கிற நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போ ஒரே சேலம் மாவட்டம்.

மதுவரி போனதால கஜானாவுல ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தாங்க. குடியை நிறுத்தினா வருமானத்துக்கு என்ன வழின்னு இன்னிக்கும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு வயசு 80-க்கும் மேல.

இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு. அந்த 1937 சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. பேர் மட்டும் 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்'னு மாறிடுச்சு. டாஸ்மாக் நிறுவனம் 1983-ல் வந்தது. 2003-ல் சில்லறை விற்பனையையும் அதுவே கையில எடுத்துக்கிட்டது. அதுக்காகப் போட்ட விதிகள், இதே மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழதான் வருது. '21 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு விற்கக் கூடாது' என்பதும் அந்த விதிகள்ல ஒண்ணு. ஆக, மதுவிலக்குச் சட்டத்தை வெச்சே மதுக்கடை நடத்துற மாநிலம் நம்மளோடது!

ஊருக்கு ஒரு வயசு!

மது மாநிலப் பட்டியல்ல இருக்கு. அதனால ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தோணின வயசை வெச்சிருக்கு. புதுச்சேரியிலும் கோவாவிலும் 18. தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானாவுல 21. கேரளா 21-ஆ இருந்ததை 23-க்கு ஏத்திச்சு. டெல்லியில 25. மகாராஷ்டிராவுல பீருக்கு 21, ஹாட்டுக்கு 25. 25-ஆ வெச்சிருந்த ஹரியானா 21-க்கு இறக்கிடுச்சு.

நமக்கு ரொம்பப் பக்கத்துல நடந்த கேஸ் கர்நாடகா. அங்கே கலால் சட்டத்துல 18, லைசென்ஸ் விதிகள்ல 21-னு ரெண்டு எண் இருந்தது. 2023 ஜனவரியில, 'ரெண்டையும் 18-ஆ ஆக்கிடலாம்'னு அரசு ஒரு வரைவு அறிவிப்பு வெளியிட்டது. பெற்றோர்கள்ல இருந்து பல அமைப்புகள் வரைக்கும் எதிர்ப்பு கிளம்ப, அதே மாசத்துலயே வாபஸ். ஓசூரைத் தாண்டினா கர்நாடகாதான். சேலத்துல இருந்து வீக் எண்டுக்கு பெங்களூரு போறவங்க எத்தனை பேர்! அங்கே 18 ஆகியிருந்தா, இங்கே 'நமக்கும் இறக்குங்க'ங்கிற குரல் இன்னும் சத்தமா கேட்டிருக்கும்.

18 கேட்கிறவங்க பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கு. இந்தப் பக்கத்தோட பலமான வாதத்தைச் சொல்லக்கூடியவன் காலேஜ் பையன் இல்ல. திருச்செங்கோட்டுல இருந்து கிளம்புற ரிக் வண்டியில ஏறி, மாசக்கணக்குல வடநாட்டுல போர் போட்டுட்டு வர்ற பையன். பள்ளிபாளையம், குமாரபாளையத்துல ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டுறவன். நாமக்கல் லாரியில கிளீனரா ஏறினவன். 18, 19 வயசுல வீட்டுக்கடனை அடைச்சு, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் கட்டுறான். 'குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிற வயசு வந்துடுச்சு. ஆனா, என் காசுல என்ன வாங்கணும்னு முடிவு பண்ற வயசு மட்டும் வரலையா?'னு அவன் கேட்டா, சட்டுனு வாயை அடைச்சுட முடியாது.

ஆனா, சட்டம் 18-ஐ எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியா என்னிக்குமே வெச்சதில்ல. அதே கிளீனர் பையன், 18 வயசுல சொந்த பைக் ஓட்டலாம்; லாரி ஓட்ட 20 ஆகணும். மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆண்களுக்குக் கல்யாண வயசு 21. எம்.எல்.ஏ ஆக 25. லாரிக்கு 20-னு சொன்னதுக்காக 'எங்களை அவமானப்படுத்துறாங்க'னு நாமக்கல்ல யாரும் போராடல. ஒரு விஷயம் தப்பாப் போனா எவ்வளவு பெருசா அடிக்கும்ங்கிறதைப் பொறுத்து வயசு மாறுது. அவ்வளவுதான்.

மது எந்த அளவு அடிக்கும்? மூளையில நிதானம், முடிவெடுக்கிறது, 'வேணாம், போதும்'னு நிறுத்துறது இதுக்கெல்லாம் பொறுப்பான முன்பகுதி முழுசா முதிர 25 வயசு வாக்குல ஆகும்ங்கிறாங்க மருத்துவர்கள். அந்த ரிக் பையனுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கு. அவன் குடிக்கிறது பெரும்பாலும் பார்ட்டிக்காக இல்ல. உடம்பு வலி தெரியாமத் தூங்குறதுக்கு. 'அலுப்புக்கு ஒரு கட்டிங்'னு கூட வேலை செய்யுற பெரியவங்களே ஊத்திக் குடுப்பாங்க. 18 வயசுல அலுப்புக்கு ஆரம்பிக்கிறது, 28 வயசுல அது இல்லாம வேலைக்கே போக முடியாதுங்கிற இடத்துல கொண்டுபோய் விடும். அவனுக்கு உண்மையிலேயே வேண்டியது ஓய்வும் நியாயமான ஷிஃப்ட்டும். நாம 'உரிமை'னு சொல்லி பாட்டிலை நீட்டினா, முதலாளிக்குச் செலவு மிச்சம்!

ரோடு சொல்ற கணக்கு

அமெரிக்காவுல 1971-ல் ஓட்டு வயசு 18 ஆனப்போ, 'அப்போ இதுக்கும் 18'னு பல மாநிலங்கள் குடிக்கிற வயசையும் இறக்கின. இளைஞர்கள் சாலை விபத்துல சாகிறது கூடினதைப் பார்த்துட்டு, திரும்ப ஏத்த ஆரம்பிச்சாங்க. 1984-ல் '21-க்கு ஏத்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில வெட்டு'னு மத்திய அரசே சட்டம் போட்டது. நியூசிலாந்து 1999-ல் 20-ஐ 18-ஆ இறக்கினது. அதனால விபத்து கூடுச்சுன்னு ஒரு ஆய்வு சொல்ல, பின்னாடி வந்த இன்னொண்ணு மறுத்தது. அங்கே அந்தச் சண்டை இன்னும் முடியல.

நம்ம நிலைமை? 2022-ல் தமிழ்நாட்டுல நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். இறந்தவங்க 17,884 பேர். எல்லாமே குடியால இல்லதான். ஆனா, சேலம் - நாமக்கல் ஹைவேல நைட்டு லாரிகளுக்கு நடுவுல பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும், அங்கே ஒரு செகண்ட் தடுமாற்றத்துக்கு என்ன விலைன்னு. லைசென்ஸ் கைக்கு வர்ற அதே வருஷம் குவார்ட்டரும் கைக்கு வரணுமாங்கிறதுதான் கேள்வி.

'ஐரோப்பாவைப் பாருங்க, ஜெர்மனியில 16 வயசுலயே பீர்'னு சிலர் சொல்வாங்க. அங்கே அது பீருக்கும் ஒயினுக்கும் மட்டும், ஹாட்டுக்கு 18. வீட்டுச் சாப்பாட்டு மேசையில அப்பா அம்மா முன்னாடி குடிச்சுப் பழகுற ஊர் அது. நம்ம ஊர்ல மறைவா, அவசர அவசரமா, பிளாஸ்டிக் டம்ளர்ல குடிக்கிறது. வயசை மட்டும் இறக்குமதி பண்ணினா, அந்த மேசை கூடவே வராது.

'வயசைக் கூட்டி வெச்சா கள்ளச்சாராயத்துக்குப் போவாங்க'ன்னும் ஒரு வாதம் இருக்கு. 2024 ஜூன்ல பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில, கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவங்களைக் கொன்னுச்சு. பலரை சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க கூலி வேலை செய்யுற பெரியவங்க. அவங்களை அங்கே கொண்டுபோய் விட்டது பாக்கெட்டோட விலை. வயசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

செட்ல மூத்தவன் யாரு?

இந்த விவாதத்துல பெருசா யாரும் பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. கடையில வாங்குறவன் ஒருத்தன். குடிக்கிறவங்க அஞ்சு பேர். செட்ல யாருக்கு வயசோ, தைரியமோ அதிகமா இருக்கோ, அவன்தான் கவுன்டருக்குப் போவான். அப்படின்னா, சட்டம் எந்த வயசை எழுதினாலும், சரக்கு அதைவிட ரெண்டு மூணு வயசு கீழே வரைக்கும் இறங்கும்.

21-ஆ இருந்தா, வாங்கக்கூடியவன் ஃபைனல் இயர்ல இருப்பான், இல்ல வேலைக்குப் போயிருப்பான். ஸ்கூல் பையனுக்கும் அவனுக்கும் நடுவுல கொஞ்சம் தூரம் இருக்கு. 18 ஆக்கினா அந்த ஆள் ப்ளஸ் டூ கிளாஸ்லயே உட்கார்ந்திருப்பான். நாமக்கல், ராசிபுரம் பக்கம் இருக்கிற ஹாஸ்டல் ஸ்கூல்களையும் கோச்சிங் சென்டர்களையும் நினைச்சுப் பாருங்க. நீட் ரிப்பீட்டர்ஸுக்கு 18, 19 வயசு. ப்ளஸ் ஒன் பசங்களுக்கு 16. வீட்டை விட்டு வந்து, மார்க் டென்ஷன்ல இருக்கிற இவங்க எல்லாரும் ஒரே ஊர்ல, சில இடங்கள்ல ஒரே ஹாஸ்டல்ல. 18-னு எழுதினா, உண்மையில 16-னு எழுதுறோம். ஊர் நோம்பிக்கு கூடுற கூட்டத்துல அது 15-ஆகவும் இறங்கலாம்.

அதனால 21-ஐ இறக்கக் கூடாது. இதுல எனக்கு சந்தேகம் இல்ல.

போர்டுல இருக்கு... யார் கேட்கிறா?

ஆனா, இதோட முடிச்சுக்கிட்டா அது பாதி நேர்மைதான். இப்போ இருக்கிற 21 எங்கே இருக்கு? போர்டுல இருக்கு. கவுன்டர்ல 'ஆதார் காட்டு தம்பி'னு கேட்டு எத்தனை பேர் திரும்பி வந்திருக்காங்க? கூட்ட நேரத்துல கம்பிக்குள்ள கையை நீட்டினா பாட்டில் வருது. முகத்தை யார் பார்க்கிறா?

21 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது, வாங்குறவங்களுக்கு உரிமம் மாதிரி ஒரு ஏற்பாடு பற்றி யோசிக்கணும்னு 2023-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2024-ல் கடையில வயசைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 18-க்குக் கீழே இருக்கிறவங்களுக்கு மது கொடுத்தா, சிறார் நீதிச் சட்டம் ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கும். பேப்பர்ல எல்லாமே பலமா இருக்கு.

'லட்சக்கணக்கான கஸ்டமரை எப்படிச் செக் பண்றது?'ன்னு கேட்கலாம். டாஸ்மாக் அதைவிடக் கஷ்டமான ஒண்ணைச் செஞ்சு காட்டியிருக்கு. காட்டுல பாட்டில் உடைஞ்சு விலங்குகள் கால்ல குத்துதுன்னு உயர் நீதிமன்றம் கண்டிச்சதும், 2022-ல் நீலகிரியில காலி பாட்டில் திரும்ப வாங்குற திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தா அதைத் திருப்பித் தர்றது. பிறகு மத்த மாவட்டங்களுக்கும் அது போச்சு. பில் மெஷினும் வந்துட்டிருக்கு. காலி பாட்டில் எங்கே போகுதுன்னு பின்னாடியே போக முடிஞ்சவங்களுக்கு, முழு பாட்டில் யார் கைக்குப் போகுதுன்னு பார்க்க முடியாதா?

முடியும். ஆனா, இங்கே விற்கிறதும் அரசு, கண்காணிக்கிறதும் அரசு, லாபமும் அரசுக்கு. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிடுச்சு. கடைக்காரரே போலீஸாவும் இருந்தா, முகத்தைப் பார்க்காம இருக்கிறதுதான் வசதி. பள்ளிக்கூடம், கோயில் பக்கத்துல இருந்து கடையை எடுங்கன்னு 2015-ல் குமரி மாவட்டத்துல செல்போன் டவர்ல ஏறிப் போராடி உயிரைவிட்டாரே காந்தியவாதி சசிபெருமாள், அவரும் சேலத்துக்காரர்தான்.

வயசை மாத்துறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது எளிமையானது. சின்ன முகமா இருந்தா கார்டு கேட்கணும். கேட்காத கடைக்கு அபராதம் போடணும். கேட்கிற ஊழியரைக் கூட்டத்துக்கிட்ட இருந்து காப்பாத்த ஒரு காவலர் நிக்கணும். ஒரு வருஷம் 21-ஐ நிஜமா அமல்படுத்திட்டு, அதுக்கப்புறம் அந்த எண் சரியா, தப்பான்னு விவாதிக்கலாம். இன்னிவரைக்கும் அமலுக்கே வராத ஒரு விதி தோத்துடுச்சுன்னு எப்படிச் சொல்றது?

அதுவரைக்கும்? இதைப் படிக்கிற உங்களுக்கு 21 தாண்டியிருந்தா, என்னிக்காவது ஒரு ஜூனியர் உங்க கையில 200 ரூபாயைத் திணிச்சு, "அண்ணா, நீங்களே வாங்கிட்டு வந்துடுங்கண்ணா"னு கேட்பான். கடையில யாரும் வயசு கேட்காத ஊர்ல, அந்த நிமிஷம் 21-ங்கிற சட்டத்துக்கு நீங்க மட்டும்தான் காவல். அந்தக் காசைத் திருப்பிக் குடுத்துடுங்க.