மாத்தளைச் சுவரில் நமக்கும் ஓரிடம்

2019 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு, இலங்கையின் நகரங்கள் பலவற்றில் இளைஞர்கள் வாளியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கினர். விளம்பரத் தாள்களும் வேட்பாளர் முகங்களும் கிழிந்து தொங்கிய மதில்கள் கழுவப்பட்டன, வெள்ளை பூசப்பட்டன, சில வாரங்களுக்குள் சித்திரங்களாக மாறின. எவரும் கூலி கொடுத்து அழைக்காமல் தாமாகவே வந்த அந்த இளைஞரின் உற்சாகத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அழுக்குச் சுவரினும் அழகுச் சுவர் மேலானதே. ஆயினும், அச்சித்திரங்களில் வந்தவர் யார், வராதவர் யார் என்று அன்றே சிலர் கேட்டனர். பண்டை மன்னர் வந்தனர், இராவணன் வந்தான், போர்க்கோலம் பூண்ட இராணுவ வீரர் வந்தனர், வயலும் குளமும் வந்தன. தமிழரும் முஸ்லிம்களும் அரிதாகவே வந்தனர் என்பது அன்று எழுந்த குறை. அக்குறைக்கு இன்றளவும் தக்க விடை கிடைத்ததாக நாம் கருதவில்லை.

வெயிலும் மழையும் படும் சுவர்ப் பூச்சு நெடுநாள் நில்லாது. நிறம் வெளுத்த சுவர் மீண்டும் ஒரு தூரிகைக்குக் காத்திருக்கிறது. அடுத்த முறை அதில் எழுதப்படுவது யாருடைய சரித்திரம் என்ற கேள்வியை மாத்தளை நகரை முன்வைத்து நாம் எழுப்புகிறோம். மாத்தளையை ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதை அந்நகரை நடந்து பார்ப்பவர் எளிதில் அறிவர்.

யட்டவத்தப் பகுதியில் மாத்தளைக்கு வராத தமிழ்க் குடும்பம் இல்லையெனலாம். கச்சேரியில் ஓர் அலுவல், ஆஸ்பத்திரியில் ஒரு கிளினிக், மிளகு மூட்டையைக் கடையில் போட்டுக் காசு வாங்கும் வேலை, பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து. பஸ்ஸை விட்டு இறங்குகிறோம், அலுவலை முடிக்கிறோம், திரும்பிச் செல்லும் பஸ்ஸைத் தேடி ஓடுகிறோம். இவ்விடயத்தில் ஆசிரியரும் வழக்கறிஞரும் வைத்தியரும் விவசாயியைவிட எவ்வகையிலும் மேம்பட்டவரல்லர். அரை நாள் ஒதுக்கி, அந்நகரின் மதிலையும் வாயிலையும் கோயிலையும் நிலையத்தையும் காலால் அளந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நடப்பவர் முதலில் காணவேண்டியது மக்டோவல் கோட்டையின் எச்சம். 1803 ஆம் ஆண்டுக் கண்டிப் போரையொட்டி ஆங்கிலேயர் எழுப்பிய அரண் அது. இன்று மதிலின் ஒரு பகுதியும் வாயிலுமே எஞ்சி நிற்கின்றன. கோட்டையாக இருந்த இடம் பிற்காலத்தில் மயானமாயிற்று. சாம்ராச்சியங்களின் கதியை இதனினும் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது.

அங்கிருந்து 1848 ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்கு வருவோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத கிராமவாசியின் சேனையையும் காட்டையும் முடிக்குரிய காணி என்று கூறிப் பறித்தது. அக்காணி கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. போதாக்குறைக்கு, 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி விதித்தார். நாய்க்கு வரி விதித்தார். ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய், அன்றேல் மூன்று சிலிங் கட்டு என்றார். அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூட்டப்பட்டான். அவன் ஆட்கள் தெற்கே இறங்கி மாத்தளைக் கச்சேரியைத் தாக்கினர். ஆகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரையின் நூலகமும் அந்த அடக்குமுறையில் அழிந்தது. இவ்வீரருக்கு மாத்தளையில் நினைவுச் சின்னம் உண்டு. அது நியாயமே, நாமும் அதன் முன் தலைவணங்குவோம்.

ஆனால் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் அந்த வடக்குப் பாதையில், அதே ஆண்டுகளில், வேறு கால்களும் நடந்துகொண்டிருந்தன. பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சித் தமிழ்நாட்டுத் தென் மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழி. கங்காணி முன்னே செல்ல, சட்டியும் பானையும் தலையிலேற்றிக் கூட்டங் கூட்டமாக நடந்தனர். நீரில்லாத இடத்தில் தாகம், நீருள்ள இடத்தில் வாந்திபேதி, எங்கும் காய்ச்சல். நடக்க முடியாதவர் வழியில் விடப்பட்டனர். 1840-களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என அக்காலத்துக் கொழும்பு ஏடொன்று கணக்கிட்டது. இத்தொகையைப் பற்றி ஆய்வாளரிடையே வாதம் உண்டு. மரணங்கள் பெருந்தொகையின என்பதில் வாதம் இல்லை. உயிர் தப்பியவர் கண்ட முதல் மலைநாட்டு ஊர் மாத்தளை. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் பலர் இதே வழியாகத் திரும்பியும் நடந்தனர் என்பதை நினைத்தால், அப்பாதை எத்தனை கால்களைத் தாங்கியிருக்கும் என்பதை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை.

காணியை இழந்த சிங்களக் குடியானவனும், அந்தக் காணியில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் கூலியும் ஒரே தோட்ட முறையால் வதைக்கப்பட்டவர்கள். ஒருவனை மற்றவனுக்குப் பகைவனாகக் காட்டியதில் துரைத்தனத்துக்கு இலாபம் இருந்தது. பின்வந்த அரசியல்வாதிகளுக்கும் இருந்தது. ஒரே சுவரில் இவ்விருவரையும் பக்கம் பக்கமாகத் தீட்டுவதற்கு மாத்தளையினும் உரிய நகரம் இலங்கையில் வேறு உண்டோ?

கண்டியிலிருந்து இரயில் மாத்தளைக்கு வந்தது 1880 இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே கால்கள் வந்துவிட்டன. இரயில் நிலையத்தைப் பார்த்துவிட்டு நடப்பவர் ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் முன் நிற்காமல் போகமுடியாது. மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட அம்மனுக்கு 1874 இல் கோயில் எழுந்தது. கொள்ளைநோயைத் தாண்டி வந்தவர்கள் நோய் தீர்க்கும் மாரியைத் தேடியதில் வியப்பென்ன? இன்று 108 அடி உயர இராசகோபுரம் வண்ண வண்ணச் சிற்பங்களுடன் நெடுஞ்சாலையோரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. யாழ்ப்பாணம் செல்பவரும் திருகோணமலை செல்பவரும் அண்ணாந்து பார்த்தே அதனைக் கடக்கின்றனர். சிங்கள மக்களும் உள்ளே சென்று கும்பிடுகின்றனர். 1983 ஆம் ஆண்டு ஜூலையில் மாத்தளைக் கடைவீதி எரிந்தபோது இக்கோயிலும் தப்பவில்லை. எரிந்தபின் மீண்டும் எழுப்பியவர்கள், பெரும்பாலும், நாட்கூலியில் மிச்சம் பிடித்த ஏழைத் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும். வீதிச் சித்திரம் என்று இப்போது பேசுகிறார்களே, அது நமக்குப் புதிதன்று. சுதைச் சிற்பமும் தேரும் வீதிக்கு உரிய கலைகளே. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் மாத்தளை வீதிகளில் வரும்போது நகரம் முழுவதும் அதைப் பார்க்கிறது.

அப்படியாயின் குறை எங்கே? கோபுரத்தில் தெய்வங்கள் இருக்கின்றன. அதைக் கட்டியவன் நடந்த பாதை இல்லை. தேர் வீதிவலம் வருகிறது. தேரிழுப்பவனின் பாட்டன் வந்த வழி எவர் கண்ணிலும் படுவதில்லை.

மலையகத் தமிழரின் உருவமே சுவர்களில் இல்லை என்று நாம் கூறவரவில்லை. ஒரே ஓர் உருவம் எங்கும் இருக்கிறது. தலையில் கூடை மாட்டி, நெற்றியில் பொட்டிட்டு, பச்சை மலையின் முன் பல் தெரியச் சிரிக்கும் கொழுந்துப் பெண். உல்லாசப் பிரயாணிக்கான விளம்பரத்திலும் தேயிலைப் பெட்டியிலும் அவளைக் காண்கிறோம். அவளது நாட்சம்பளம் என்ன, அவள் குடியிருக்கும் லயத்தின் கூரை ஒழுகுகிறதா என்ற கேள்விகளுக்கு அப்படத்தில் இடமில்லை. மாத்தளையைப் பொறுத்தவரையில் அப்படம் சரித்திரப் பிழையும்கூட. இவ்வழியே முதலில் நடந்து வந்தவர் தேயிலைக்கு வந்தவரல்லர்; கோப்பிக்கு வந்தவர்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது 1867 இல். கோப்பியை அழித்த இலைநோய் தோன்றியது 1869 இல். அதற்கு முன்னரே ஒரு தலைமுறை இப்பாதையில் நடந்து முடித்துவிட்டது. ஆகவே, மாத்தளையில் சுவர் எழுதப் புகும் ஓவியன் தேயிலைக் கூடையைத் தேடி ஓடாதிருப்பானாக.

சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுதவேண்டும் என்பர் நம் முன்னோர். இப்பழமொழியைத் தோட்டத்து மக்களிடம் சொன்னால், எங்களுக்குச் சுவர் ஏது என்று திருப்பிக் கேட்பார்கள். லயக் காம்பிராவின் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் ஓர் ஆணி அறைவதற்கும் துரையின் மனத்தை நினைத்துப் பார்க்கவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெருந்தொகையான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைத் தாராளமாகச் செலவிட இடங்கொடுக்கவில்லை. அந்தத் தடையை நீக்கும் திருத்தம் வந்தது 2018 இல். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாக்கை வாங்கிக்கொண்டு வீதியைக் கொடாத சபைகள் இருந்தன என்பதே இதன் பொருள். ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் என்று 2015 முதல் பேசப்பட்டது. வீட்டுக்குக் குடிபோனவரிலும் காணி உறுதியைக் கையில் பெறாதவர் உளர். லயத்திலேயே இருப்பவர் தொகையோ மிகப் பெரிது.

இந்நிலையில் சித்திரம் எதற்கு, முதலில் காணியைக் கேளுங்கள் என்று சில நண்பர்கள் கூறுவர். அவர்கள் கூற்றை நாம் எளிதில் ஒதுக்கிவிட மாட்டோம். சென்னையிலே கண்ணகி நகர் இருக்கிறது. நகரின் நடுவிலிருந்த குடிசைகளைப் பெயர்த்து, 2000 ஆம் ஆண்டு முதல் மக்களைக் கொண்டுபோய் வைத்த இடம். 2020 இல் அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் கண்ணைப் பறிக்கும் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. பார்க்க வெளியூரார் வந்தனர், பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் தொலைவிலே கொண்டுவந்து போட்டதால் இழந்த தொழிலை ஓவியம் மீட்டுத் தரவில்லை. பூச்சு வறுமையை மறைக்கும் திரையாகவும் ஆகலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. மறுபுறத்தில் மெக்சிக்கோவைப் பாருங்கள். புரட்சிக்குப் பின்னர், 1920-களில், அந்நாட்டு அரசாங்கம் பொதுக் கட்டடங்களின் சுவர்களை டியேகோ ரிவேரா முதலிய ஓவியரிடம் ஒப்படைத்தது. எழுத்தறியாத குடியானவன் தன் நிலம் பறிபோன கதையை அமைச்சு மாளிகையின் சுவரிலே கண்டான். தன்னைக் கண்டவன் தன் நிலத்தைக் கேட்கப் பின்னிற்பதில்லை. இரண்டு வழிகளில் நாம் விரும்புவது இரண்டாவது. காணிக் கோரிக்கையைக் கைவிட்டுச் சித்திரத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. இருநூறு ஆண்டு உழைப்பின் சாட்சியத்தைக் கோரிக்கைக்குப் பக்கத்திலே நிறுத்தச் சொல்கிறோம்.

அச்சாட்சியத்தை மக்கள் ஏற்கெனவே நடந்து காட்டிவிட்டனர். மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023 ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் கடந்து ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் மதகுருமாரும் அதில் நடந்தனர். வழியோரத்துச் சிங்கள, முஸ்லிம் மக்கள் நீரும் உணவும் கொடுத்து வரவேற்றனர். பாட்டன் காலத்தில் புலியும் பேதியும் எதிர்கொண்ட பாதையில் பேரன் காலத்தில் அயலார் எதிர்கொண்டனர். அந்த நடையை முடித்து வைத்த நகரம், தன் சுவரொன்றை அதற்கு ஒதுக்குவது பெரிய காரியமா?

ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6 ஆம் நாள் தேர்தல் நடந்தது. மாத்தளை மாநகர சபைக்கும் யட்டவத்தப் பிரதேச சபைக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் செலவு மிக்கதன்று. நெடுஞ்சாலையில் நடப்பவர் காணக்கூடிய நீண்ட மதிலொன்றை மாநகர சபை ஒதுக்கட்டும். தலைமன்னார் தொடக்கம் மாத்தளை வரையான பாதையை, தங்கிய இடங்களின் பெயர்களோடு அதில் தீட்டட்டும். 1848 இன் குடியானவரும் அதே சுவரில் இருக்கட்டும். விளக்கம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். தமிழை மூலையில் சிறிதாக, அதுவும் பிழையாக எழுதும் பழைய பழக்கம் இதிலாவது வேண்டாம். எந்தக் கட்சித் தலைவரின் முகமும், நம்மவர் முகமாயினும், அச்சுவரில் வரக்கூடாது. யட்டவத்தப் பிரதேச சபை தன் எல்லைக்குட்பட்ட தோட்டப் பாடசாலைகளின் மதில்களில் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யலாம்.

படித்தவர்களுக்கும் இதில் வேலை உண்டு. எந்தக் கிராமத்திலிருந்து வந்தோம், எந்தக் கங்காணியின் பிரட்டில் சேர்ந்தோம், எந்தத் தோட்டம் எப்போது கைமாறியது என்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். தம் ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்ட மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் போன்ற எழுத்தாளர்களைத் தந்த மண்ணில், எழுதத் தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் ஒருவர் மாணவர் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு லயம் லயமாகச் சென்று அப்பெயர்களையும் வழிகளையும் குறிக்கலாம். விவசாயி தன் காணியின் பழைய பெயரை எழுதிக் கொடுக்கலாம். வழக்கறிஞர் சபைக்குரிய விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கலாம். அடுத்த மாசி மகத்துக்குத் தேர் பார்க்க வரும்போது அந்த விண்ணப்பத்தில் கையொப்பம் திரட்டுவதற்குக் கோயில் வீதியைவிட வசதியான இடம் கிடையாது.