மேடையை விலைக்கு வாங்கிய ரசிகர்கள்

இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஆதர்ட்டன் என்றொரு சிற்றூர். நிலக்கரிச் சுரங்கமும் பஞ்சாலையும் சோறு போட்ட ஊர். இரண்டும் ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. அங்கே பகலில் காப்பிக் கடையாகவும் இரவில் இசையரங்காகவும் இயங்குகிறது 'தி ஸ்னக்'. நூறு பேர் வந்தால் நிறைந்துவிடும். 2023 அக்டோபரில் அந்தக் கட்டிடம் கைமாறியது. வாங்கியது ரியல் எஸ்டேட் நிறுவனமும் இல்லை, மதுபானக் கம்பெனியும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் இசை ரசிகர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு வாங்கினார்கள்.

நூறு பேர் கேட்கும் இடத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? பீட்டில்ஸ் குழு 1961 முதல் 1963 வரை லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் மட்டும் 292 முறை வாசித்தது. காற்றோட்டமில்லாத அந்த நிலவறையில்தான் அவர்கள் கை தேர்ந்தது. அதே கேவர்ன் 1973இல் சுரங்க ரயில் பணிக்காக மூடப்பட்டது. இன்று பயணிகள் பார்ப்பது 1984இல் திரும்பக் கட்டியதை. பாத் நகரின் மோல்ஸ் அரங்கில் ரேடியோஹெட், ஒயாசிஸ், எட் ஷீரன் எல்லாரும் பெயர் பரவும் முன்பே பாடிவிட்டுப் போனார்கள். 45 ஆண்டுகள் நடந்த மோல்ஸ் 2023 டிசம்பரில் கதவைச் சாத்தியது. அந்த ஒரே ஆண்டில் பிரிட்டனில் 125 சிற்றரங்குகளில் நேரடி இசை நின்றுபோனது. கணக்குப் போட்டால் வாரத்துக்கு இரண்டுக்கும் மேல்.

இந்த எண்களைத் திரட்டுவது மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. 2014இல் இதைத் தொடங்கிய மார்க் டேவிட், டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் 'தி ஃபோரம்' என்ற அரங்கை நண்பர்களோடு உருவாக்கியவர். ஒருகாலத்தில் பொதுக் கழிப்பறையாக இருந்த கட்டிடம் அது. அப்படிப்பட்ட இடத்தை மேடையாக்கிப் பழகியவருக்கு, சிற்றரங்கின் வரவு செலவு எங்கே இடிக்கிறது என்பது அத்துப்படி.

ஓர் இரவுக் கச்சேரியை எடுத்துக்கொள்வோம். மாலையில் பழைய வேன் ஒன்று வந்து நிற்கும். டிரம்ஸையும் ஆம்ப்ளிஃபயர்களையும் குழுவினரே இறக்கி, குறுகலான படிக்கட்டில் தூக்கிச் செல்வார்கள். ஒலிப் பொறியாளர் ஒவ்வொரு மைக்கையும் தட்டிப் பார்த்துச் சரிசெய்வார். வாசலில் ஒருவர் வந்தவர்கள் கையில் முத்திரை குத்துவார். பெயர் தெரியாத குழு என்பதால் டிக்கெட் விலையை ஏற்ற முடியாது. டிக்கெட் காசு குழுவுக்கும் ஒலிக்காரருக்குமே சரியாகிவிடும். மின்கட்டணம், சம்பளம், வாடகை எல்லாவற்றுக்கும் பாரில் விற்கும் பீர்தான் கதி. அறக்கட்டளையின் கணக்குப்படி 2023இல் இந்த அரங்குகளின் சராசரி லாபம் 0.5 சதவீதம். நூறு பவுண்டு கல்லாவில் விழுந்தால் கையில் மிஞ்சுவது ஐம்பது பென்ஸ். மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட அரங்குகளுக்கு அதுவும் இல்லை, நஷ்டம்தான்.

இந்த நிலையில் ஒரு நோய்த்தொற்று வந்தால் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. அரங்குகள் அடைபட்டன, ரசிகர்கள் கை கொடுத்தார்கள். பாடகர் ஃபிராங்க் டர்னர் வீட்டிலிருந்தே இணையத்தில் பாடி, ஒவ்வொரு கச்சேரிக்கும் ஓர் அரங்கின் பெயரைச் சொல்லி நிதி திரட்டினார். முதலில் அவர் பாடியது லண்டன் ஹாலோவே சாலையில் இருந்த நம்புக்கா என்ற மதுக்கடை அரங்குக்காக. 2008இல் தீவிபத்தில் சிக்கி மீண்டு வந்த இடம் அது. பணம் சேர்ந்தது, அப்போதைக்கு மூச்சு வந்தது. ஆனாலும் 2022இல் நம்புக்கா மூடப்பட்டது.

கொடுத்தவர்கள் மனதில் குறை சொல்ல ஏதுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பிரிட்டனின் சிற்றரங்குகளில் 93 சதவீதம் வாடகைக் கட்டிடத்தில் நடப்பவை. சராசரியாக அவற்றின் கையில் மிச்சமிருந்த குத்தகைக் காலம் பதினெட்டே மாதம். குடியிருப்பவர் கூரையை மாற்றி வெள்ளையடித்து முடித்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவாரே, அந்தக் கதைதான் இங்கும். அரங்கு பெயர் வாங்கினால் தெருவுக்கு மவுசு கூடும். தெருவுக்கு மவுசு கூடினால் மனை விலை ஏறும். மனை விலை ஏறினால் அரங்கு வெளியேற வேண்டியதுதான்.

ஷெஃபீல்டின் லெட்மில் இதற்குக் கண்முன் சாட்சி. கைவிடப்பட்ட மாவு ஆலையில் 1980இல் தொடங்கிய அரங்கு. பல்ப், ஆர்க்டிக் மங்கீஸ் என்று அந்த ஊர்க் குழுக்கள் வளர்ந்த மேடை. 2017இல் கட்டிடத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. 2022இல் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஊரே திரண்டு பிரசாரம் செய்தது, பெரிய பெரிய கலைஞர்கள் குரல் கொடுத்தார்கள். ஆனால் நீதிமன்றத்தில் செல்லுபடியானது பத்திரம்தான். 2025 ஜூனில் கடைசிக் கச்சேரி நடந்தது. அங்கே இசை தொடரும் என்றுதான் கட்டிட உரிமையாளரும் சொல்கிறார். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்த மேடையைக் கட்டிக் காத்த அமைப்பு தெருவுக்கு வந்துவிட்டது.

ஆகவே நன்கொடை கேட்பதோடு நிற்காமல், கட்டிடத்தையே வாங்குவது என்று முடிவெடுத்தது அறக்கட்டளை. மியூசிக் வென்யூ ப்ராப்பர்டீஸ் என்ற பெயரில் கூட்டுறவு முறையில் ஒரு சங்கம் பதிவானது. 2022இல் பங்கு விற்பனை தொடங்கியது. பங்கு வாங்கியவருக்கு ஆண்டுக்கு 3 சதவீதம் வட்டி தருவது இலக்கு. எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். பணக்காரர் ஒருவர் நுழைந்து சங்கத்தை வளைத்துப்போட வழியில்லை. ஏறத்தாழ 1,300 பேர் சேர்ந்தார்கள். இங்கிலாந்துக் கலை மன்றமும் பணம் போட்டது. மொத்தம் 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

முதலில் ஸ்னக். அடுத்து பிரெஸ்டன் நகரின் ஃபெரெட், வேல்ஸில் நியூபோர்ட்டின் லெ பப், ஸ்வான்சியின் பங்க்ஹவுஸ், டோவரின் புக்கிங் ஹால் ஆகியவை சங்கத்தின் கைக்கு வந்தன. விற்பவருக்குச் சந்தை விலை. நடத்துபவருக்கு நீண்ட காலக் குத்தகை. உள்ளூர் மக்களுக்கு நேரடி இசை வழங்கும்வரை யாரும் வெளியேற்ற முடியாது என்பதே அந்தக் குத்தகையின் உயிர். வாடகையும் குறைவு, பழுதுபார்க்கும் செலவிலும் சங்கம் தோள் கொடுக்கிறது. நாளைக்கு இருப்போமா என்ற கவலை போன பிறகுதான் ஒலிபெருக்கி மாற்றவும், சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் போடவும் நடத்துபவருக்குத் துணிவு வரும். பதினெட்டு மாதம் கழித்து எவர் கைக்கோ போகும் சுவருக்கு எந்தப் புத்திசாலி செலவழிப்பார்?

ஆனால் ஐந்து என்பது சிறிய எண். நாட்டில் இத்தகைய அரங்குகள் எண்ணூறுக்கும் மேல். அவை குறையக் குறையக் குழுக்கள் ஊர் ஊராகப் போவதும் சுருங்குகிறது. 1994இல் ஒரு சுற்றுப்பயணம் சராசரியாக 22 கச்சேரிகள். 2024இல் அது 11. அதே காலத்தில் விளையாட்டு மைதானங்களில் நடக்கும் பெருங்கச்சேரிகளில் பணம் கொழிக்கிறது. அங்கே மேடையேறுபவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் கைதட்டல் கிடைத்தது இந்தச் சின்ன அறைகளில்தான்.

சிலர் அந்தக் கடனை உணர்ந்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் சுற்றுப்பயணத்தில் விற்ற டிக்கெட் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பவுண்டு எடுத்து, ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார் பாடகர் சாம் ஃபெண்டர். 2025இல் வெம்ப்ளியிலும் ஹல் நகரிலும் நடத்திய கச்சேரிகளின் வருமானத்தில் பத்து சதவீதத்தைத் தர முன்வந்தது கோல்ட்ப்ளே குழு. பெரிய அரங்குகளின் டிக்கெட்டில் ஒரு சிறு தொகையைச் சிற்றரங்குகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழுவும் பரிந்துரைத்தது. தொழில்துறை தானாக முன்வராவிட்டால் சட்டம் போட வேண்டும் என்றும் சொன்னது. தொழில்துறை தானாக முன்வந்து கொடுக்கும் முறைக்கே அந்த நவம்பரில் அரசு ஆதரவு தெரிவித்தது, கட்டாயமாக்கவில்லை.

பிரான்ஸில் இது மனமிருந்தால் கொடுக்கும் காசு அல்ல. அங்கே இசைக் கச்சேரி டிக்கெட் வருமானத்தில் 3.5 சதவீதம் வரியாகப் பிடிக்கப்பட்டு, தேசிய இசை மையத்தின் வழியாக இசைத்துறைக்கே திரும்புகிறது. பிரிட்டனில் ஆயிரத்து முந்நூறு ரசிகர்கள் சேமிப்பை எடுத்துக் கொடுத்து ஐந்து கூரைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மீதி எண்ணூறின் பாரத்தையும் அவர்கள் தலையிலேயே ஏற்றுவது நியாயமல்ல. பெருமேடைகளில் சம்பாதிப்பவர்கள் எல்லாரும் டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு கொடுத்தாக வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு சட்டம் போடட்டும்.